காலை ஆறு மணிக்கு வரும் பெயர்

நஸீர் இறந்துவிட்டார் என்று எனக்குச் செய்தி வந்த நேரத்தில், நான் நஸீரின் பெயரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாவுலயில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். காலையில் பால் கலக்காத பிளேன்டி குடித்ததும் போனில் நம் ஊர்விக்கியின் 'அண்மைய மாற்றங்கள்' பக்கத்தைத் திறப்பது என் வழக்கம். மற்றவர்கள் பேப்பர் பார்ப்பார்கள், நான் அதைப் பார்ப்பேன். அன்றைக்கும் மேலே அவர் பெயர் இருந்தது. நேரம் ஆறு மணி. மூன்று ஊர்களுக்கு மொழி இணைப்பு. பக்கத்தில் எப்போதும் வரும் குறிப்பு: 'சாட்சிப் பட்டியல்படி.' மனுஷன் சுபஹு தொழுதுவிட்டு வந்ததும் வேலையில் உட்கார்ந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நேரம் சுனிமல் போனில் பேசினார். நாவுலயில் படிப்பிக்கிற ஆசிரியர், நம் விக்கியின் சிங்களப் பக்கங்களை எழுதுகிறவர்.

"அம்மே, நஸீர் நானா இல்லாம போய்ட்டார்."

"எங்க போய்ட்டாரு?"

"மௌத் அம்மே. நேத்து காலையில, நெஞ்சு வலி. அஸர் தொழுகைக்கு முன்ன அடக்கமும் முடிஞ்சது. ஒங்க போனுக்கு எத்தன தரம் எடுத்தேன்."

"பைத்தியக்காரப் பேச்சு பேசாதீங்க தம்பி. இப்பதான் ஆறு மணிக்கு மூணு ஊருக்கு லிங்க் போட்டிருக்காரு. என் கண்ணால பாத்துக்கிட்டு இருக்கேன்."

அவர் மெதுவாகச் சொன்னார்: "அது அவர் எழுதி வச்ச புரோகிராம் அம்மே. கடையில கம்ப்யூட்டர் எப்பவும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கும். ஆறு மணியானா அதுவா செய்யும். அவர் பேர்லதான் வரும்."

விளங்கியது. ஆனால் விளங்கியதற்கும் நெஞ்சு ஏற்றுக்கொள்வதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதை அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு காலையிலும் அளந்தேன். கபுரடியில் மண் காயாத மனிதர், ஆறு மணிக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அவரோடு எழுதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். எழுதக் கூச்சமாகவும் இருக்கிறது. அது ஏன் என்று போகப்போகத் தெரியும்.

நஸீருக்கு நாற்பத்தேழு வயது. உக்குவளையில் ஸ்டேஷனுக்குப் போகும் பாதையில் போட்டோ கொப்பிக் கடை வைத்திருந்தார். விக்கியைப் பற்றித் தெரியாதவர்களும் இதை வாசிக்கக்கூடும். அவர்களுக்குச் சொல்கிறேன்: நம் மாவட்டத்து ஊர்களையும் தோட்டங்களையும் பற்றி யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்று இணையத்தில் இருக்கிறது இந்தக் களஞ்சியம். ஒவ்வோர் இடத்துக்கும் தமிழில் ஒரு பக்கம், சிங்களத்தில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் ஒரு பக்கம். தமிழ்ப் பக்கத்தின் ஓரத்தில் 'சிங்களம்' என்பதைத் தொட்டால் அதே இடத்தின் சிங்களப் பக்கம் திறக்கும். அதுதான் மொழி இணைப்பு. கேட்பதற்குச் சின்ன வேலை. ஆனால் நம் தோட்டங்களுக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் ஒன்று, நம் சனங்கள் கூப்பிட்ட பெயர் ஒன்று, பக்கத்துக் கிராமத்தார் சொல்கிற பெயர் இன்னொன்று. மூன்றும் ஒன்றையொன்று முகம் பார்க்காத பெயர்கள். எது எதோடு சேரும் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

நான் அந்தக் கடைக்கு முதலில் போனது அடையாள அட்டையைக் கொப்பி எடுக்க. அவர் வந்தவர்களிடமெல்லாம் ஒரு தோட்டத்தின் ஆங்கிலப் பெயரைச் சொல்லி, அதற்குத் தமிழில் என்ன பெயர் என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஓர் ஆள் என்னவோ சொல்ல, எனக்குப் பொறுக்கவில்லை.

"அது இல்லங்க. அத நாங்க நொண்டித்தொரைத் தோட்டம்னு சொல்லுவோம்."

"நீங்க அங்க கால் வச்சிருக்கீங்களா?"

"காலா? ஆறு வருஷம் அந்த மலையில அட்டைக்கு ரத்தம் குடுத்திருக்கேன்."

அவர் சிரித்துவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "ஒங்க பேர சொல்லுங்கம்மா" என்று கேட்டுத் தட்டினார். திரையைத் திருப்பிக் காட்டினார். 'சாட்சி: மாரியாயி.' நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். தோட்டத்து வேலைப் பதிவான செக்ரோலில் என் பெயரைப் பல துரைமார் காலத்தில் எழுதியிருக்கிறார்கள், அது கொழுந்து எடுத்ததற்கு. நான் சொன்ன சொல்லுக்காக என் பெயரை ஒருவர் எழுதியது அன்றைக்குத்தான். எனக்கு அது பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை மறைக்கவும் இல்லை. பேத்தியிடம் சொல்லி என் போனில் தமிழ் எழுத்துப் போட்டுக்கொண்டு, ஒற்றை விரலால் தட்டித் தட்டி, நாற்பது இடங்களுக்கு மேல் சாட்சி சொன்னேன்.

சாட்சிப் பட்டியல் நஸீருடைய ஏற்பாடு. ஒரு வரியில் ஓர் இடத்தின் மூன்று பெயர்களும், சொன்னவரின் பெயரும் இருக்கும். இணைக்கும் பக்கங்கள் பேசுவது ஒரே இடத்தைப் பற்றித்தான் என்று நேரில் நின்று பார்த்தவர்தான் சாட்சியாகலாம். "கால் வச்சவர் பேசட்டும், காதால கேட்டவர் ஒக்காரட்டும்" என்பார். ஒரு சமயம் யாரோ ஓர் ஆள் வேண்டுமென்றே இணைப்புகளை அறுத்துக்கொண்டே இருந்தான். அதற்குப் பிறகுதான் அந்த மெஷின் வேலையைச் செய்துவைத்தார். பட்டியலில் இருப்பதை அது தினமும் பார்க்கும். பக்கத்தில் யார் எதை அறுத்தாலும் காலையில் திரும்பக் கட்டிவிடும். பட்டியலில் உள்ள வரியை மாற்ற வேண்டுமென்றால், சாட்சி சொன்னவரே வந்து வாபஸ் வாங்க வேண்டும். நாம் எல்லோரும் கூடி ஒத்துக்கொண்ட சட்டம் அது.

பகுப்புகளைப் பற்றி அவரோடு ஒரு முறை சண்டையே பிடித்திருக்கிறேன். பக்கத்தின் அடியில், இந்த இடம் எந்தெந்த வகையைச் சேர்ந்தது என்று போடுவதுதான் பகுப்பு. நான் பிறந்தது சங்கிலித் தோட்டம் மேல் டிவிசனில். அரசாங்கம் தோட்டத்தை எடுத்துக் கிராமத்தாருக்குப் பிரித்துக் கொடுத்தபோது எங்கள் ஆட்களை அனுப்பிவிட்டார்கள். பாதிப் பேர் வவுனியாப் பக்கம் போனார்கள், நாங்கள் உக்குவளைக்கு வந்தோம். எனக்கு அப்போது பதினொரு வயது. என் படிப்பும் எங்களை ஏற்றிவந்த லொறியோடு இறங்கிவிட்டது. அந்தப் பக்கத்துக்கு நஸீர் 'ஆள் இல்லாத ஊர்கள்' என்று பகுப்புப் போட்டிருந்தார்.

"நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், ஆள் இல்லாத ஊராம்ல?"

"அம்மா, அங்க இப்ப ஆள் இல்லண்டுதானே சொல்றாங்க. பகுப்புண்டா தீர்ப்பு இல்ல. தேடி வர்றவங்களுக்கு வழிதான்."

"அப்ப எனக்கு ஒரு பகுப்பு போடுங்க. ஊர் இல்லாத ஆள்னு."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "ஒரு பக்கத்துக்கு எத்தன பகுப்பும் போடலாம்மா. கலியாண வீட்ல ஒரே பொம்பள ஒருத்தருக்கு மாமி, ஒருத்தருக்கு மருமக இல்லையா? யோசிச்சு வைங்க, சேர்ப்போம்" என்றார். நான் யோசிக்கவில்லை, கோபத்தோடு வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் அந்தப் பக்கத்துக்கு மொழி இணைப்பு இல்லாத பிரச்சினை வந்தது. மேல் டிவிசன் இருந்த இடத்துக்கு இப்போது சிங்களத்தில் என்ன பெயர் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கலுகல்தென்ன என்று பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டு வந்ததை நான் கேட்டிருந்தேன். கடையில் ஓய்வுபெற்ற கிளார்க்கர் ஒருவர், மேப்பை விரித்துவைத்துக்கொண்டு இருந்தார். நான் கலுகல்தென்ன என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அஞ்சாம் வகுப்புக்காரங்களுக்கு இப்ப மேப்பும் தெரியுதா?"

"மேப்பு ஒங்களுக்கு. மலை எங்களுக்கு."

நஸீர் என் பக்கம் திரும்பினார். "அங்க கால் வச்சீங்களாம்மா? இப்ப, கிட்டடியில?"

"வச்சேன். போன தையிலதான் போய்ட்டு வந்தேன்."

பொய். அந்த லொறியில் ஏறிய நாளிலிருந்து நான் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. மூன்று வயதில் காய்ச்சலில் போன என் தம்பியை அங்கேதான் புதைத்திருக்கிறோம். 'திரும்பிப் பாக்காத' என்று லொறியில் அம்மா என் முகத்தைத் தன் மடியில் அழுத்தினாள். அம்மா செத்து இவ்வளவு காலம் ஆகியும் அந்தக் கை என் பிடரியில்தான் இருக்கிறது. இதையெல்லாம் அந்தக் கிளார்க்கர் முன்னால் எப்படிச் சொல்ல?

நஸீர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு தட்டினார். கலுகல்தென்ன. சாட்சி: மாரியாயி.

அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒரு தரம் கேட்பார். "ஒரு ஞாயித்துக்கிழம போவமாம்மா? அந்த எடத்துக்கு படம் இல்ல. நீங்க நிக்கிற மாதிரி ஒண்ணு எடுப்போம்." முழங்கால் என்பேன். கலியாண வீடு என்பேன். மழை என்பேன். ஒரு முறை மழையே இல்லாத நாளில் மழை என்றேன். "சரிம்மா, மழ விடட்டும்" என்றார்.

மழை விடுவதற்குள் அவர் போய்விட்டார்.

அடக்கம் முடிந்த அடுத்த வாரம் அவருடைய உரையாடல் பக்கத்தைத் திறந்தேன். அவருக்கு யாராவது செய்தி எழுத வேண்டுமென்றால் எழுதும் இடம் அது. இரங்கல் எழுதியிருப்பார்கள், வாசிக்கலாம் என்று போனேன். மேலே புதிதாக ஒருவர் எழுதியிருந்தார். அவருக்கு நஸீர் இறந்தது தெரியாது.

'நான் வவுனியாவிலிருந்து செல்வராஜ். சங்கிலித் தோட்டம் மேல் டிவிசன் பக்கத்தில் நீங்கள் போட்ட இணைப்பை நம்பிக் கலுகல்தென்னவுக்குப் போனேன். என் அம்மாவைப் புதைத்த மண் என்று விழுந்து கும்பிட்டு விளக்கு வைத்தேன். ஊர்க்காரர்கள் வந்து, இங்கே எந்தக் காலத்திலும் தோட்டத்து லயம், வரிசை வீடு எதுவும் இருந்ததில்லை என்றார்கள். தெரியாததை ஏன் எழுதுகிறீர்கள்?'

பக்கத்தின் வரலாற்றைப் பார்த்தால் இணைப்பைப் போட்டவர் பெயர் நஸீர் என்றுதான் இருக்கும். சாட்சி யார் என்று பட்டியலுக்குப் போய்ப் பார்க்க எத்தனை பேருக்குத் தெரியும்? போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். யாருக்கும் தெரியாமல் அந்த இணைப்பை அறுத்துவிட்டேன். ஒருவரிடமும் எதுவும் சொல்லவில்லை. பிழை போய்விட்டது, நஸீரின் பெயரும் பிழைத்தது என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். மறுநாள் காலை பார்க்கிறேன், ஆறு மணி, நஸீர், கலுகல்தென்ன இணைப்பு திரும்பச் சேர்க்கப்பட்டது. 'சாட்சிப் பட்டியல்படி.' திரும்ப அறுத்தேன். திரும்ப வந்தது. மூன்றாம் நாளும் வந்தது. மெஷின் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த மூன்று காலையும், எதிரில் நின்று ஒரு மனிதர் 'கால் வச்சீங்களாம்மா?' என்று கேட்பதைப்போலவே இருந்தது. குரலை உயர்த்தாமல், கோபமில்லாமல். கோபப்பட்டிருந்தால் தேவலை.

உக்குவளைக்கு வந்ததும் நஸீரின் மனைவி ரிஹானாவைப் பார்க்கப் போனேன். கடைச் சாவியை எடுத்துக்கொண்டு கூடவே வந்தார். கணவன் இறந்து இத்தா இருக்கிற பெண் வெளியே வரக்கூடாது என்று சொல்லுவார்கள், ஆனால் கடை வீட்டோடு சேர்ந்ததுதான். பின்கதவால் போனோம். முன்பக்கம் ஷட்டர் போட்டபடி இருந்தது. இருட்டுக்குள் கம்ப்யூட்டரின் பச்சை வெளிச்சம் மட்டும் மினுங்கியது. மெல்லிய ஓர் இரைச்சல், ஆள் மூச்சு விடுவதைப்போல. ஸ்டூல் நான் உட்காரும் இடத்தில் இருந்தது.

"மெஷின நிப்பாட்ட வாணாண்டு எப்பவும் சொல்லுவார்மா. அதுனால தொடல்ல. நீங்க சொன்னா நிப்பாட்றேன்."

நிறுத்தச் சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். என் பொய் பட்டியலில் கிடந்தாலும் யாரும் அதைத் திரும்பக் கட்ட மாட்டார்கள். வாய் வரைக்கும் வந்தது. என் கண் அந்த ஸ்டூலில் பட்டது.

"இன்னும் ரெண்டு கெழம ஓடட்டும் மகளே" என்றேன்.

வெளியில் வந்ததும் சுனிமலுக்குப் பேசி எல்லாவற்றையும் சொன்னேன். "நீங்களே அந்த வரிய மாத்திடுங்க தம்பி."

"என்னால ஏலும் அம்மே. ஆனா நான் மாத்தினா நஸீர் நானாட சட்டத்த நான் ஒடைச்ச மாதிரி. சாட்சி நீங்க." கொஞ்சம் பொறுத்து, "ஞாயித்துக்கெழம எனக்கு லீவு" என்றார்.

அன்றைக்கே செல்வராஜுக்குப் பதில் எழுதினேன். அரை நாள் ஆனது. 'நஸீர் காலமாகிவிட்டார். பிழை அவருடையது அல்ல. நான் போகாமலே போனேன் என்று பொய் சொன்னேன். வாருங்கள், நானும் வருகிறேன். மாரியாயி.'

அந்த ஞாயிற்றுக்கிழமை செல்வராஜ் வந்தார். அறுபதைத் தொடுகிற ஆள். உக்குவளை பஸ் நிற்கும் இடத்தில் என்னைப் பார்த்ததும் கும்பிடவில்லை.

"நீங்கதானா அது? ஒங்களால நான் யார் வீட்டு மண்ணுலயோ விழுந்து அழுதுட்டு வந்தேன். சனம் வேடிக்க பாத்துச்சு."

"ஆமாங்க. நான்தான்."

வேறு என்ன சொல்வது? பஸ் ஏறி மலை முடியும் வரைக்கும் அவர் என்னோடு பேசவில்லை. கலுகல்தென்னவில், கூட வந்த சுனிமல் ஒரு பெரியவரிடம் விசாரித்தார். அந்த மனிதர் ஓடைக்கு அக்கரையைக் கைகாட்டினார். லயங்கள் இருந்தது அங்கே, மீகஹயாய என்கிற இடத்தில். ஒரே ஓர் ஓடை. என் பொய்க்கும் உண்மைக்கும் நடுவில் முழங்காலளவு தண்ணீர்.

அக்கரை ஏறியதும் சத்தம்தான் முதலில் கேட்டது. பீலி. பாறையிலிருந்து மூங்கில் குழாய் வழியாக விழுந்த தண்ணீர், இப்போது பிளாஸ்டிக் குழாய் வழியாக விழுந்துகொண்டிருந்தது. சத்தம் மாறவில்லை. அதன் கீழே துவைக்கிற கல் அப்படியே இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் கால் வைத்தேன். குளிர் தலைவரைக்கும் ஏறியது. லயத்தில் ஒரு காம்பரா வீடு இன்னும் நின்றது, தகரம் மாற்றியிருந்தார்கள். அதற்குள்ளிருந்து ஒரு சிங்கள அம்மா வெளியே வந்து, யார் எவர் என்று கேட்பதற்கு முன்னால் பிளேன்டியும் கித்துள் கருப்பட்டியும் கொண்டுவந்து வைத்தார். ஆள் இல்லாத ஊரில் எங்களுக்குத் தேத்தண்ணி கிடைத்தது.

புதைகாடு லயத்துக்கு மேலே இருந்தது. எல்லாம் நாயுண்ணிப் புதர் மண்டிய பற்றை. செல்வராஜ் முன்னே போய் நின்று முதல் தடவையாக என்னைக் கேள்வியோடு பார்த்தார்.

"எங்கம்மா எங்கக்கா இருக்கு? ஒங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

அவர் குரலில் இருந்த ஆசையைக் கேட்டால் எவளுக்கும் ஒரு கல்லைக் காட்டிவிடத்தான் தோன்றும். இதோ, இந்தக் கல்லடியில் என்று ஒரு வார்த்தை. அவருக்கும் ஆறுதல், எனக்கும் மன்னிப்பு.

"தெரியாதுங்க" என்றேன். "இந்தச் சரிவுதான், அது நிச்சயம். எந்த எடம்னு எனக்கு தெரியாது. என் தம்பி எங்கன்னும் தெரியாது."

அவர் பையிலிருந்து இரண்டு விளக்குகளை எடுத்து, ஒன்றை என்னிடம் நீட்டினார். "பொதுவா வைப்போம்க்கா" என்றார்.

வீட்டுக்கு வந்து சாட்சிப் பட்டியலைத் திறந்து, 'தொகு' என்பதைத் தொட்டேன். வாசிக்க வருகிறவர்களுக்குத் தெரியாமல், திருத்த வருகிறவர்களின் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி குறிப்பு எழுதிவைக்க விக்கியில் ஒரு வழி உண்டு. அதற்குள் போனால் மட்டும் தெரியும். என் வரிக்குப் பக்கத்தில் நஸீர் அப்படி ஒன்று எழுதியிருந்தார்.

'அம்மா இன்னும் அங்கே போகவில்லை என்று நினைக்கிறேன். என்ன காரணமோ. அவரே போய் வந்து மாற்றுவார். யாரும் அவசரப்படுத்த வேண்டாம்.'

அவருக்குத் தெரிந்திருந்தது. மழையில்லாத நாளில் மழை என்று நான் சொன்னபோதும் தெரிந்திருந்தது. இதை நினைத்து அழுதேன். ஆனால் ஒன்றையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் இந்த அஞ்சலியும் பொய்ச் சாட்சியாகிவிடும். என் மரியாதையைக் காக்க நினைத்து, சந்தேகம் இருந்தும் அந்த இணைப்பை அவர் விட்டுவைத்தார். அது அவர் செய்த பிழை. அதற்கான விலையை வவுனியாவிலிருந்து வந்த ஒரு மனிதர் கொடுத்தார். நல்ல மனிதரின் பிழையும் பிழைதான். நஸீர் இருந்திருந்தால் இதை எழுதச் சொல்லியிருப்பார்.

கலுகல்தென்னவை எடுத்துவிட்டு மீகஹயாய என்று தட்டினேன். பக்கத்தின் அடியில் இருந்த 'ஆள் இல்லாத ஊர்கள்' பகுப்பையும் எடுத்துவிட்டு, அவர் யோசித்துவைக்கச் சொன்னதை இப்போது சேர்த்தேன்: 'பெயர் மாறிய ஊர்கள்.' மாற்றத்தின் காரணம் கேட்கும் பெட்டியில் 'முன்பு சொன்னது பொய், இப்போது கால் வைத்தேன்' என்று எழுதி, என் பெயரிலேயே சேமித்தேன். அந்த வரலாறு அழியாது. என் பேரப்பிள்ளைகளும் வாசிக்கட்டும்.

மறுநாள் ஐந்தரைக்கே போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆறு மணிக்கு அவர் வந்தார். நஸீர். சங்கிலித் தோட்டம் மேல் டிவிசன், மீகஹயாய. மொழி இணைப்பு திருத்தப்பட்டது. சாட்சிப் பட்டியல்படி.

நான் கேட்ட இரண்டு வாரமும் முடிந்ததும் ரிஹானா மெஷினை நிறுத்திவிட்டார். அந்த வேலையைச் சுனிமல் வேறொரு பெயரில் ஓடவைத்திருக்கிறார். ஆறு மணிக்கு இப்போது வருவது அந்தப் பெயர்தான். எனக்கு இன்னும் ஆறு மணிக்கு விழிப்பு வருகிறது.

கடை ஸ்டூலை ரிஹானா எடுத்துக்கொள்ளச் சொன்னார். வேண்டாம் என்றேன். நஸீரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த மறைகுறிப்பைத்தான். பிழை திருந்திவிட்டதே, அதை அழித்துவிடவா என்று சுனிமல் கேட்டார். கைவைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பட்டியலை நீங்கள் சும்மா வாசித்தால் எதுவும் தெரியாது. திருத்துவதற்காகத் திறந்தால் அவர் எழுதிய வரி தெரியும். அதன் கீழே ஒற்றை விரலால் நான் தட்டிய வரியும் தெரியும்.

'தம்பி, மழை விட்டது. போய் வந்தேன்.'